உயர்கல்விப் பட்டமும் ஊதிய இடைவெளியும்: அமெரிக்கத் தொழில்முறைப் பெண்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கல்வி உயர உயர ஆண், பெண் ஊதிய வேறுபாடு தானே மறைந்துவிடும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வணிக மேலாண்மை, மருத்துவம், மருந்தாளுமை, பல்கலைக்கழக ஆசிரியப் பணி ஆகியவற்றில் உயர்பட்டம் பெற்றோரைப் பற்றி வெளிவந்த ஆய்வுகள் அக்கருத்துக்கு மாறான சான்றுகளைத் தருகின்றன. இவ்வேறுபாடு ஒரே காரணத்தால் விளைவதன்று. ஒத்த பணிக்குக் குறைந்த ஊதியம், நேரத்துக்கு விலைவைக்கும் முறை, பழைய ஊதியம் புதிய ஊதியத்தை ஆளும் வழக்கம் என மூன்று வேறு இயங்குமுறைகள் அதனுள் கலந்துள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இம்மூன்றையும் தமிழில் ஒரே சொல்லால் சுட்டுவதன் விளைவுகளையும் அது சுட்டிக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஊதிய இடைவெளி, ஊதியப் பாகுபாடு, உயர்பட்டம், பணிநேரம், மொத்த இடைவெளி, நிகர இடைவெளி.

முன்னுரை

1963ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி சம ஊதியச் சட்டத்தில் கையொப்பமிட்டார். திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் ஆகியவற்றில் ஒத்த பணியைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு ஊதியம் வழங்குவதை அச்சட்டம் தடைசெய்தது. ஆயினும் அது முன்பே நடைமுறையிலிருந்த தொழில்தரச் சட்டம் ஒன்றின் திருத்தமாக இயற்றப்பட்டமையால், மூலச் சட்டத்தின் விலக்குகளும் உடன்வந்தன. நிருவாகிகளும் தொழில்முறை வல்லுநர்களும் அதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றனர். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவும் கல்வி நிறுவனங்களின் கற்பித்தல் பணியாளர்களை விலக்கியிருந்தது. இவ்விரு விலக்குகளும் 1972இல்தான் நீக்கப்பெற்றன. ஆலையில் பணியாற்றிய பெண்ணுக்குக் கிடைத்த சம ஊதிய உரிமை, முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியைக்குக் கிடைக்க மேலும் 9 ஆண்டுகள் ஆயின. கற்ற பெண்ணுக்குச் சட்டத்தின் துணை தேவையில்லை என்னும் எண்ணம் அன்றைய சட்ட அமைப்பிலேயே பதிந்திருந்தது எனலாம்.

இத்தடை நீங்கிய பின்னர்ப் பல்கலைக்கழகங்களுக்கு எதிரான வழக்குகள் தொடங்கின. இந்தியாவிலிருந்து சென்ற வேதியியலாளர் ஷியாமளா ராஜேந்தர், நிலையான பணிக்கான வாய்ப்பு தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின்மீது 1973இல் தொடுத்த வழக்கு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. பின்னர் அது அப்பல்கலைக்கழகப் பெண் ஆசிரியர்கள் அனைவர்க்குமான வழக்காக விரிந்து, 1980இல் இருதரப்பு உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிந்தது.

சட்டம் விரிவடைந்தது, பெண்களின் கல்வியும் உயர்ந்தது. எனினும் எதிர்பார்த்த சமநிலை எல்லாத் தளங்களிலும் ஒரே வேகத்தில் வரவில்லை. பிரான்சின் பிளாவும் லாரன்ஸ் கானும் 2017இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, 1980 முதல் 2010 வரையிலான காலத்தில் ஊதிய இடைவெளி பொதுவாகக் குறைந்ததைக் காட்டியது. ஆனால் உயர்ஊதியம் பெறுவோரிடையே அது மிக மெதுவாகவே குறைந்தது என்பதையும் உடன்காட்டியது. மேல்தட்டில் இடைவெளி ஏன் பிடிவாதமாக நிற்கிறது என்பதே இங்கு விளக்கப்பட வேண்டிய வினா.

சொல்லும் பொருளும்

வினாவுக்குள் புகுமுன் சொற்களை வரையறுத்துக்கொள்வது தேவையாகிறது. ‘ஊதிய வேறுபாடு’, ‘ஊதிய இடைவெளி’, ‘ஊதியப் பாகுபாடு’ ஆகிய மூன்றும் தமிழில் ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளப்படுகின்றன. இவை ஒரு பொருட் பன்மொழி அல்ல. ‘வேறுபாடு’ என்பது இரண்டு தொகைகள் ஒன்றாக இல்லை என்னும் செய்தியை மட்டுமே தரும். ‘இடைவெளி’ என்பது இரு குழுக்களின் சராசரியையோ இடைநிலை மதிப்பையோ ஒப்பிட்டுப் பெறும் அளவை. ‘பாகுபாடு’ என்பதோ ஒத்த பணிக்குப் பால் காரணமாக வேறு ஊதியம் தரும் செயலைக் குறிக்கும். அதில் செய்பவர் ஒருவர் உண்டு, பொறுப்பும் உண்டு.

இடைவெளியையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். எதையும் கணக்கிற்கொள்ளாமல் ஆண்கள் அனைவரின் சராசரியையும் பெண்கள் அனைவரின் சராசரியையும் ஒப்பிட்டால் கிடைப்பது மொத்த இடைவெளி. அனுபவம், துறை, பதவி, பணிநேரம் முதலியவற்றில் ஒத்தவர்களை மட்டும் ஒப்பிட்டால் எஞ்சுவது நிகர இடைவெளி. இப்பகுப்புக்கான கணிதமுறையை ரொனால்டு ஓஹாகாவும் ஆலன் பிளைண்டரும் 1973இல் தனித்தனியே வெளியிட்டனர். இன்றும் இத்துறை ஆய்வுகள் பெரிதும் அம்முறையை ஒட்டியே நடைபெறுகின்றன.

மொத்த இடைவெளியை எடுத்துக்காட்டி, ‘ஒரே வேலைக்குப் பெண்ணுக்கு இவ்வளவு குறைவு’ என்பது பிழையான கூற்று. நிகர இடைவெளி சிறியது என்பதால், ‘பாகுபாடே இல்லை’ என்பதும் அதே அளவுக்குப் பிழையானது. இரண்டாம் பிழை ஏன் பிழை என்பது கீழே விளக்கப்படுகிறது.

ஒரே வகுப்பறை, இரு வருவாய்

மரியான் பெர்ட்ரான், கிளாடியா கோல்டின், லாரன்ஸ் காட்ஸ் ஆகிய மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, சிகாகோப் பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் 1990 முதல் 2006 வரை எம்.பி.ஏ. பட்டம் பெற்றோரைப் பின்தொடர்ந்தது. ஒரே நிறுவனத்தில் ஒரே பட்டத்தைப் பெற்றவர்கள் என்பதால் கல்வித்தர வேறுபாடு இங்குப் பெரிய காரணமாக முடியாது. பட்டம் பெற்றவுடன் பெண்களின் சராசரி ஆண்டு வருவாய் 1,15,000 டாலராகவும் ஆண்களின் வருவாய் 1,30,000 டாலராகவும் இருந்தன. ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின் அவை முறையே 2,50,000 டாலராகவும் 4,00,000 டாலராகவும் ஆயின. தொடக்கத்தில் ஆண் பெற்ற ஒவ்வொரு 100 டாலருக்கும் ஏறத்தாழ 88 டாலர் பெற்ற பெண், ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 63 டாலருக்கு இறங்கினார். இருவர் வருவாயும் உயர்ந்தது; உயர்ந்த வேகமே வேறாயிற்று.

இவ்விடைவெளியின் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானதை மூன்று காரணிகளால் விளக்க முடிந்தது. படிக்கும்போது எடுத்த நிதியியல் பாடங்களும் பெற்ற மதிப்பெண்களும் முதற்காரணி. பணியில் ஏற்பட்ட இடைமுறிவு இரண்டாவது. வாரத்துக்கு உழைக்கும் மணிநேரம் மூன்றாவது. பின்னிரண்டும் குழந்தைப் பேற்றோடு நெருங்கிய தொடர்புடையவை. குழந்தை இல்லாத, பணியில் இடைமுறிவும் நேராத பெண்களின் வருவாய் ஆண்களின் வருவாயை நெருங்கியே இருந்தது. மிகுந்த வருவாயுடைய கணவரைக் கொண்ட பெண்களே குழந்தைப் பேற்றுக்குப்பின் பணியைப் பெரிதும் குறைத்துக்கொண்டனர் என்பதும் கவனத்துக்குரியது.

‘அப்படியானால் இது பெண்களின் சொந்தத் தெரிவுதானே’ என்னும் வாதம் இவ்விடத்தில் எழுகிறது. குறைந்த நேரம் உழைப்பவர் குறைவாகப் பெறுவது இயல்பு. ஆனால் நேரம் குறையும் விகிதத்தைவிட ஊதியம் குறையும் விகிதம் மிகுதியாக இருப்பது ஏன் என்பதே உண்மையான வினா. இவ்வினாவைத் தம் ஆய்வின் நடுவில் வைத்தவர் கோல்டின். பெண்களின் உழைப்புச் சந்தையைப் பற்றிய நெடுங்கால ஆய்வுக்காக 2023ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

நேரத்தின் விலை

கோல்டினின் விளக்கத்தை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் காணலாம். வாரத்துக்கு 40 மணிநேரப் பணிக்கு 100 அலகு ஊதியம் எனக் கொள்வோம். ஊதியம் நேரத்துக்கு நேர்விகிதத்தில் அமைந்தால் 50 மணிக்கு 125 அலகும் 60 மணிக்கு 150 அலகும் கிடைக்கும். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து 100 மணிநேரம் உழைக்கும் குடும்பம் ஒன்று, அதை 50, 50 எனப் பகிர்ந்தாலும் 60, 40 எனப் பகிர்ந்தாலும் பெறுவது 250 அலகே. சமமாகப் பகிர்வதால் இழப்பேதும் இல்லை.

இனி 60 மணிநேரமும் இரவு, பகல் பாராது கூப்பிட்ட குரலுக்கு வருபவருக்கு மட்டும் நிறுவனம் 200 அலகு தருகிறது எனக் கொள்வோம். 60, 40 எனப் பகிரும் குடும்பம் 300 அலகு பெறும். 50, 50 எனப் பகிரும் குடும்பம் 250 அலகே பெறும். சமத்துவத்துக்கு அக்குடும்பம் 50 அலகு விலை கொடுக்க வேண்டியுள்ளது. குழந்தை பிறந்தபின் ஒருவரேனும் வீட்டின் அழைப்புக்கு வரவேண்டிய நிலையில், பெரும்பாலும் மனைவியே 40 மணிநேரப் பணிக்கு ஒதுங்குகிறார். இருவர் பட்டமும் ஒன்று, திறனும் ஒன்று. ஆயினும் கணவர் ஒரு மணிக்குப் பெறுவது 3.33 அலகு, மனைவி பெறுவது 2.5 அலகு. இத்தகைய பணியைக் கோல்டின் பேராசைப் பணி என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். பணியாளரின் முழுநேரத்தையும் விழுங்கி, விழுங்கியதற்கு விகிதத்துக்கு மிஞ்சிய விலை கொடுப்பது அதன் இயல்பு. நிதித்துறை, பெருநிறுவனச் சட்டப் பணி, மேலாண்மை ஆகியன உயர்பட்டத்தார் செறிந்துள்ள துறைகள்; பேராசைப் பணி மிகுந்துள்ளதும் அவற்றிலேயே. மேல்தட்டில் இடைவெளி குறையாமைக்கு இது ஒரு முதன்மையான காரணம்.

இங்குத் தனிமனிதர் எவரும் பாகுபாடு காட்டவில்லை என வாதிடலாம். எனினும் ஒரே வகை வாழ்க்கையுடையவருக்கே முழு ஊதியம் என்று அமைந்த முறை, வீட்டுப் பொறுப்பு யார்மேல் விழுகிறதோ அவரைத் தண்டிக்கிறது. பாகுபாட்டுச் சட்டத்தால் இதனைத் தொட இயலாது. பணியின் அமைப்பு மாறினாலன்றி இது மாறாது.

மருந்தாளுமை: மாறிய ஒரு தொழில்

அமைப்பு மாறினால் இடைவெளி குறையும் என்பதற்கு அமெரிக்க மருந்தாளுமைத் தொழில் சான்றாகிறது. கோல்டினும் காட்ஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, முழுநேர மருந்தாளுநர்களில் ஆண் பெறும் ஒவ்வொரு டாலருக்கும் பெண் பெற்றது 1970இல் 0.66 டாலர், 2010இல் 0.92 டாலர். அதே காலத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்களின் பங்கு பாதியைத் தாண்டியது. பெண்கள் மிகுந்ததால் தொழிலின் ஊதியம் சரிந்துவிடவில்லை; மருந்தாளுமை நல்ல ஊதியமுள்ள தொழிலாகவே நீடித்தது.

இதற்கு மூன்று மாற்றங்கள் காரணமாயின. முதலாவதாக, தாமே கடை வைத்து நடத்திய மருந்தாளுநர்களின் இடத்தைத் தொடர்கடைகளும் மருத்துவமனைகளும் பிடித்தன. கடைக்குரியவர் இலாபத்தைப் பெறுபவர். நெடுநேரம் கடையில் இருப்பவருக்கே இலாபம் மிகும். சம்பளம் பெறும் மருந்தாளுநருக்கோ மணிக்கணக்கே அளவு. இரண்டாவதாக, மருந்துகள் ஆலைகளில் தரப்படுத்தப்பட்டு வந்தன. கடையிலேயே கலந்து தரும் பழைய முறை அருகியது. மூன்றாவதாக, நோயாளியின் மருந்துப் பதிவுகள் கணினியில் ஏறின. காலையில் இருந்தவர் அறிந்ததை மாலையில் வருபவரும் அறிய முடிந்தது. ஒருவருக்கு மற்றொருவர் நன்கு ஈடாக முடிந்தபோது, நெடுநேரம் உழைப்பவருக்கு மிகைவிலை தரவேண்டிய தேவை நிறுவனத்துக்கு இல்லாமற்போயிற்று. குறைநேரப் பணியாளரின் மணிநேர ஊதியமும் முழுநேரத்தவரின் ஊதியத்தை ஒட்டியே நின்றது.

திருக்குறளில் ‘ஊதியம்’ என்னும் சொல் இலாபம் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளதை இங்கு நினைவுகூரலாம். இக்காலத் தமிழில் அது சம்பளத்தைக் குறிக்கிறது. மருந்தாளுநரின் வருவாய் பழம்பொருளிலான ஊதியத்திலிருந்து இக்காலப் பொருளிலான ஊதியத்துக்கு மாறியபோதுதான் ஆண், பெண் இடைவெளி சுருங்கியது. இதற்கு நேர்மாறாக, இலாபத்தில் பங்கு பெறும் பங்காளர் பதவியே உச்சமாக விளங்கும் சட்ட, நிதி நிறுவனங்களில் இடைவெளி விரிந்தே நிற்கிறது.

விளக்கத்துக்கு அடங்காத எச்சம்

நேரத்தின் விலை பலவற்றை விளக்கினும் எல்லாவற்றையும் விளக்குவதில்லை. நியூயார்க் மாநிலத்தில் பயிற்சி முடித்து முதன்முறையாகப் பணியில் சேர்ந்த மருத்துவர்களை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வு இதற்குச் சான்று. சிறப்புத்துறை, பணிநேரம் முதலியவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னும் ஆண் மருத்துவர் 1999இல் 3,600 டாலரும் 2008இல் 16,819 டாலரும் மிகுதியாகப் பெற்றனர். இங்கு ஒப்பிடப்பட்டது தொடக்க ஊதியம். பணியில் இடைமுறிவு ஏற்படக் காலமே இல்லை. எம்.பி.ஏ. பட்டத்தாரிடம் ஆண்டுகள் செல்லச் செல்ல விரிந்த இடைவெளி, மருத்துவர்களிடம் பணியின் வாயிலிலேயே நின்றது.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் ஊதியம் பொதுமக்கள் பார்வைக்கு உரியதாகையால், 12 மாநிலங்களிலுள்ள 24 கல்லூரிகளின் 10,241 மருத்துவ ஆசிரியர்களை ஒப்பிட்டு 2016இல் மற்றோர் ஆய்வு வெளியானது. மொத்த இடைவெளி ஆண்டுக்கு 51,315 டாலர். வயது, அனுபவம், பதவி, சிறப்புத்துறை, ஆய்வு வெளியீடுகள், ஆய்வுநிதி முதலியவற்றைக் கணக்கிற்கொண்டபின் எஞ்சிய நிகர இடைவெளி 19,878 டாலர். மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு விளக்கமின்றி எஞ்சியது.

இந்நிகர அளவும் முழு உண்மையாகாது. ‘பதவி’ கணக்கிற்கொள்ளப்பட்ட காரணிகளுள் ஒன்று. பேராசிரியர் பதவி உயர்விலேயே பெண்கள் பின்தள்ளப்பட்டிருந்தால், ஒத்த பதவியினரை மட்டும் ஒப்பிடும் கணக்கு அப்பின்தள்ளலை விளக்கப்பட்ட பகுதிக்குள் மறைத்துவிடும். ஆய்வுநிதிக்கும் ஆய்வு வெளியீடுகளுக்கும் இது பொருந்தும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பட்டறிவு இதனைத் தெளிவாக்குகிறது. 1994இல் அக்கழகத்தின் அறிவியற்புலத்தைச் சேர்ந்த ஆறு துறைகளில் நிலைப்பணி பெற்ற ஆண்கள் 194 பேர். பெண்கள் 15 பேர். உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் ஆய்வகங்களின் பரப்பை அளவுநாடா கொண்டு தாமே அளந்து ஒப்பிட்டார். அவர் முன்னின்று எழுப்பிய கோரிக்கையால் அமைந்த குழுவின் அறிக்கை 1999இல் வெளியிடப்பட்டது. ஊதியம், ஆய்வக இடம், விருதுகள், வளங்கள், வெளியிலிருந்து வேறு பணிக்கு அழைப்பு வந்தால் நிறுவனம் அதனை எதிர்கொள்ளும் முறை ஆகியவற்றில் மூத்த பெண் ஆசிரியர்க்கு வேறுபாடுகள் இருந்ததை அது பதிவுசெய்தது. இளம் பெண் ஆசிரியர்கள் தாம் ஆதரிக்கப்படுவதாகவே கருதினர். பணியில் முதிர்ந்தவர்களே ஒதுக்கப்படுவதை உணர்ந்தனர். தனித்தனியே சிறியவையாகத் தோன்றிய இவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பெரிதாயின. இடமும் வளமும் குறைந்தால் ஆய்வு வெளியீடு குறையும். பின்னர் வரும் கணக்கீடு அக்குறைவையே ஊதியக் குறைவுக்கு விளக்கமாகக் காட்டும். விளைவு காரணமாக வேடம் புனையும் இடம் இது.

பழைய ஊதியத்தின் நிழல்

மூன்றாம் இயங்குமுறையை ஐலீன் ரீசோ வழக்கு காட்டுகிறது. முதுநிலைப் பட்டம் பெற்ற கணித ஆசிரியரான இவர், 2009இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கணித ஆலோசகராகப் பணியில் சேர்ந்தார். முந்தைய பணியில் பெற்ற ஊதியத்துடன் 5 விழுக்காட்டைக் கூட்டி, அதற்கேற்ற படிநிலையில் புதியவரை அமர்த்துவது அங்கிருந்த விதி. அதன்படி அவர் ஊதிய அட்டவணையின் முதற்படியில் 62,133 டாலரில் அமர்த்தப்பட்டார். 2012இல் உடன்பணியாற்றுவோருடன் உணவருந்தும்போது, புதிதாகச் சேர்ந்த ஆண் ஒருவர் மேற்படியில் அமர்த்தப்பட்டதை அறிந்து வழக்குத் தொடுத்தார்.

விதி பாலைக் குறிப்பிடவில்லை, அனைவர்க்கும் ஒன்றே. எனினும் முந்தைய ஊதியம் ஏற்கெனவே பாகுபாட்டுக்கு உட்பட்டிருப்பின், அதனை அடிப்படையாக்கும் விதி பழைய பாகுபாட்டைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச்செல்லும். ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் ரீசோவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி அது வெளிவருமுன் காலமானதால், 2019இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி வழக்கைத் திருப்பியனுப்பியது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் அதே முடிவுக்கு வந்தது: முந்தைய ஊதியம், பால் தவிர்ந்த பிறிதொரு காரணி எனச் சம ஊதியச் சட்டத்தின்கீழ் ஏற்கத்தக்கதன்று. இதனிடையே வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் முந்தைய ஊதியத்தைக் கேட்பதைத் தடுக்கும் கலிபோர்னியச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்திருந்தது.

தீர்வுகளின் எல்லை

மூன்று நோய்களுக்கும் ஒரே மருந்து இல்லை. ஒத்த பணிக்குக் குறைந்த ஊதியம் என்பதற்கு ஊதிய வெளிப்படைத்தன்மையும் சட்டமும் மருந்து. அரசு மருத்துவக் கல்லூரிகளின் ஊதியம் வெளிப்படையாக இருந்ததால்தான் அவ்விடைவெளியை அளக்கவே முடிந்தது. பழைய ஊதியத்தின் நிழலுக்கு, முந்தைய ஊதியத்தைக் கேட்பதைத் தடுப்பது மருந்து. நேரத்தின் விலைக்கு, ஒருவர் பணியை மற்றொருவர் ஏற்கும்வகையில் பணியை அமைப்பதே மருந்து.

நோயறியாது தரும் மருந்து கேடு விளைவிக்கவும் கூடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, குழந்தை பெற்ற ஆசிரியருக்கு நிலைப்பணித் தகுதிக் காலத்தை நீட்டித்தன. நடுநிலை கருதித் தந்தையர்க்கும் அச்சலுகையை வழங்கின. முன்னணிப் பொருளியல் துறைகள் 50ஐ ஆராய்ந்து ஹெதர் ஆன்டகால், கெல்லி பெடார்ட், ஜென்னா ஸ்டெர்ன்ஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அச்சலுகை ஆண்கள் நிலைப்பணி பெறும் வீதத்தைக் கூட்டிப் பெண்களின் வீதத்தைக் குறைத்தது எனக் கண்டது. நீட்டித்த காலத்தை ஆண்கள் ஆய்வு வெளியீட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். வடிவில் சமமான விதி பயனில் சமமாகவில்லை.

முடிவுரை

உயர்பட்டம் ஊதிய இடைவெளியை நீக்குவதில்லை. அதன் இயல்பை மாற்றுகிறது. பட்டம் பெண்ணைப் பணியின் வாயில்வரை கொண்டுசேர்க்கிறது. உள்ளே நேரத்துக்கு வைக்கப்படும் விலையும், பதவி, வளம் ஆகியவற்றின் பங்கீடும், முந்தைய ஊதியத்தின் தொடர்ச்சியும் அவர் வருவாயைத் தீர்மானிக்கின்றன. மருந்தாளுமையின் வரலாறு இது மாற்றக்கூடியது என்பதைக் காட்டுகிறது. மருத்துவர்களின் தொடக்க ஊதியம், நேரத்தை மட்டும் திருத்தினால் போதாது என்பதைக் காட்டுகிறது.

தமிழில் இப்பொருள்குறித்து எழுதுவோர் ‘பாகுபாடு’ என்னும் சொல்லைப் பொறுப்பேற்கத்தக்க செயலுக்கும், ‘இடைவெளி’ என்னும் சொல்லைக் குழுக்களின் ஒப்பீட்டுக்கும் வரைந்துகொள்வது நன்று. இடைவெளியைக் கூறும்போது மொத்தமா, நிகரமா என்பதும், நிகரம் எனின் எவை கணக்கிற்கொள்ளப்பட்டன என்பதும் உடன்கூறப்படல் வேண்டும். மொத்த அளவு ஒரு சமூகம் தன் பெண்களின் கல்வியை எவ்வளவுக்குப் பயன்கொள்கிறது என்பதைக் காட்டும். நிகர அளவு ஒத்த பணிக்கான நீதி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் காட்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது, இரு வினாக்களுக்கு ஒரே விடையை எழுதுவதாகும்.